பஞ்சு போன இடம்

குழந்தைகள் வார்டில் ஊசி போடுவது அந்த நர்ஸின் வேலை. ஊசித் தட்டைக் கண்டதும் கிளம்பும் அழுகை, வீட்டுக்கு வந்த பிறகும் அவள் காதை விட்டுப் போகாது. ஒரு சின்ன வித்தை காட்டினால் பிள்ளைகள் கொஞ்சம் பயத்தை மறப்பார்களே என்று தோன்றியது. பஞ்சு உருண்டையை இடது கையில் வைப்பதுபோல் பாவனை செய்து, வலது உள்ளங்கையிலேயே ஒளித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவள் கை சும்மா இருக்கவில்லை. பஸ்ஸில், அடுப்படியில், லிஃப்டில், எங்கும் அதே வேலை. கண்ணாடி முன் கச்சிதமாக வந்தது. கணவனிடம் காட்டினால், "வலது கையத் திற" என்று உடனே பிடித்துவிட்டான். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நாத்தனார்தான் போனில் படமெடுத்துக் காட்டினாள்.

"அண்ணி, சரியா ஒளிக்கிற நேரத்துல கண்ணை மூடிக்கிறீங்க. கண்ணாடியில உங்களுக்கு எப்படித் தெரியும்? திறந்ததும் நேரா வலது கையைத்தான் பாக்கறீங்க. எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்ன கதைதான்."

"அப்ப என்னதான் பண்றது?"

"முதல்ல நெஜமாவே இடது கையில வைங்க. கண்ணு எங்க போகுது, விரல் எப்படி மூடுதுன்னு பாருங்க. அப்புறம் அதையே பொய்யா செய்ங்க."

நிஜமாக ஒரு தடவை, பொய்யாக ஒரு தடவை, மெதுவாக மாற்றி மாற்றிச் செய்தாள். கை பழகியதும் பேசிக்கொண்டே செய்தாள். ஒருநாள் கணவனும் ஏமாந்தான்.

மறுநாள் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு சிறுமியிடம் காட்டினாள். பஞ்சு மாயமாயிற்று. சிறுமி சிரிக்கவில்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"ஊசியையும் இப்படித்தான் ஒளிச்சு வெச்சிருக்கீங்களா?"

நர்ஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கையை விரித்துப் பஞ்சைத் தட்டில் போட்டாள். பக்கத்திலிருந்த ஊசியையும் காட்டினாள்.

"இதோ இருக்கு. வலிக்கும், ஆனா கொஞ்ச நேரந்தான். சொல்லிட்டுத்தான் போடுவேன்."

ஊசி இறங்கியபோது சிறுமி அழுதாள், கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை. அழுகை ஓய்ந்ததும் மூக்கை உறிஞ்சியபடி, "இப்போ பஞ்சைக் காணாமப் போக வைங்க" என்றாள்.

இந்தத் தடவை நர்ஸின் விரல்கள் சரியாக மூடவில்லை. பஞ்சு வெளியே எட்டிப் பார்த்தது.

"விரலுக்கு நடுவுல" என்று சொல்லிச் சிரித்தாள் சிறுமி.

அதற்குப் பிறகு அந்த வார்டில் முதலில் ஊசி, அப்புறம்தான் வித்தை.