மாடி அறையில் ஒரு கிராக்கு

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற மாமனார் காபிக்காக மாடியிலிருந்து இறங்கி வந்தபோது, மருமகள் அடுப்படியில் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"மாடி ரூம்ல இருக்கிற கிராக்கத்தான் சொல்றேன். நான் கல்யாணமாகி வந்தப்பவே லேசா இருந்துச்சு. இப்ப முத்திப்போச்சு. இனிமே பூசி மெழுகிப் பிரயோஜனமில்ல. சுத்தியலோட வாங்க."

மாடி அறையில் இருப்பது அவர் ஒருவர்தான். சில்லறைத் தகராறில் பயணிகள் அவரைக் கிராக்கு என்று திட்டியதுண்டு. கிறுக்கனைத்தான் நாகரிகமாகச் சொல்கிறார்கள் என்று விட்டுவிடுவார். சோறு போடுகிற மருமகளே சொல்வாள் என்று எதிர்பார்க்கவில்லை. காபியை மறந்து மேலே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

சாயங்காலம் கொத்தனார் வந்தார். கதவுக்கு வெளியே பேச்சு கேட்டது.

"மழைக்காலத்துல கூடுதாம்மா?"

"ஆமாங்க. சமயத்துல சத்தம்கூட வருது."

"நல்லாத் தட்டி, கம்பி வச்சுக் கட்டி, மேல சிமெண்ட் போட்டா அடங்கிடும்."

மாமனார் பெட்டியைத் துழாவிப் பழைய விசிலை எடுத்து ஊதினார். வெளியே பேச்சு சட்டென்று நின்றது.

"மாமா, கதவத் திறங்க. கிராக்கப் பாக்க ஆள் வந்திருக்கு."

"கிராக்கு வெளியூர் போயிருக்குன்னு சொல்லு," என்றார்.

அந்த நேரம் பார்த்துப் பேத்தி படியேறி ஓடிவந்தாள். "தாத்தா, மெடிக்கல் என்ட்ரன்ஸ் கிராக் பண்ணிட்டேன்."

படித்துப் படித்துப் பிள்ளைக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது. அவர் பதறிப்போய்க் கதவைத் திறந்து அவளைக் கட்டிக்கொண்டார். "கவலப்படாத கண்ணு. நம்ம பரம்பரையில இல்லாததா. நான் துணைக்கு இருக்கேன்."

கொத்தனார் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே போய்க் கட்டில்மேல் ஏறி நின்று அண்ணாந்து பார்த்தார். கூரையில் மூலைக்கு மூலை விரிசல் ஓடியிருந்தது.

"இதுவா?" என்றார் மாமனார்.

"வேற எது மாமா?"

அவர் விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பேத்தி பரீட்சையில் தேறிவிட்டாள் என்பது அதற்குப் பிறகுதான் மெல்ல விளங்கியது.

"கூரை பிளந்தாலும் கிராக்கு, மூளை கலங்குனாலும் கிராக்கு, பாஸானாலும் கிராக்கா? இங்கிலீஷ்காரனுக்கு வார்த்தைக்கு அவ்வளவு பஞ்சமா?"

"அது உடையிற சத்தம் தாத்தா. எது உடைஞ்சாலும் அவங்க காதுல கிராக்குன்னுதான் விழும்."

"எனக்கு மடக்குன்னு விழும்," என்றார் அவர்.

பூச்சு காயும்வரை அவர் கட்டில் கூடத்துக்கு வந்தது. டிவி ரிமோட் அவர் தலையணைக்கு அடியில் போனது. மருமகள் தினமும் கொத்தனாருக்குப் போன் போட்டு, எப்போது காயும் என்று கேட்க ஆரம்பித்தாள்.