நடுவில் ஒரு தூண்

சண்டையே போடாத புருஷன் பெண்டாட்டி என்று பேர் வாங்குவது லேசான காரியம் இல்லை. கலைமணியும் ஜெயபிரகாஷும் வாங்கியிருந்தார்கள். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் அவள் கட்டடக்கலைத் துறை, அவர் சிவில் துறை. வகுப்பில் அவளை மேடம் என்பார், வெளியே வந்தால் கலை என்பார். எங்கே இருந்தாலும் கடைசியில் அவர் சொல்வது, நீ சொன்னாச் செரி என்பதுதான். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அவர் எதற்கோ ஆசைப்படுகிறார் என்று முகத்தில் தெரிந்தால் போதும், தன் ஆசையை மடித்து உள்ளே வைத்துவிடுவாள்.

இரண்டு துறைக்கும் பொதுவாக 'கூட்டு வடிவமைப்பு' என்ற பாடத்தை இவர்கள்தான் ஆரம்பித்தார்கள். கட்டடக்கலைக்காரர்கள் அழகாகப் படம் வரைந்து அனுப்புவார்கள். சிவில்காரர்கள் அதில் படுக்கையறை நடுவே ஒரு தூணை நட்டுத் திருப்பி அனுப்புவார்கள். கடைசியில் மேஸ்திரி சைட்டில் நின்று தலையைச் சொறிவார். இது ஊருக்கெல்லாம் தெரிந்த கதை. அப்படி இல்லாமல் இரண்டு துறைப் பிள்ளைகளும் முதல் நாளிலிருந்தே ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே கட்டடத்தை வரையட்டும் என்பது கலைமணியின் எண்ணம். அந்தப் பாடத்தை அவள் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டாள்.

முதல்வருக்கு அதில் நம்பிக்கை இல்லை. வருடக் கடைசியில் வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார், அவர் உதட்டைப் பிதுக்கினால் அடுத்த வருடம் பாடம் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

இந்த வருடக் கட்டடம், நாமக்கல் பைபாஸில் லாரி டிரைவர்கள் படுத்து எழ ஒரு ஓய்வுக்கூடம். கட்டடக்கலைப் பிள்ளைகளுக்கு அனிதா தலைவி, சிவில் பிள்ளைகளுக்கு அறிவழகன் தலைவன். கூடத்தின் நடுவில் தூண் கூடவே கூடாது என்றாள் அனிதா. தூண் இல்லாவிட்டால் மூன்றடி ஆழத்துக்கு உத்தரம் தொங்கும் என்றான் அறிவழகன். பேச்சு முற்றி ஒருநாள் ஸ்கேல் பறந்தது. கலைமணிக்கு வந்ததே கோபம். இனி இந்த வகுப்பில் சண்டை என்ற பேச்சே கூடாது, அடுத்தவர் மனசு அறிந்து விட்டுக்கொடுக்கப் பழகுங்கள் என்று ஒரு பிரசங்கமே செய்தாள். எங்களைப் பாருங்கள் என்று வாய்விட்டுச் சொல்லாததுதான் குறை. பின்வரிசையில் ஜெயபிரகாஷ் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து வகுப்பில் அப்படி ஓர் அமைதி. ஒருவரை ஒருவர் வாங்க, போங்க என்றார்கள். எதைக் கேட்டாலும் ஆகட்டுங்க என்றார்கள். கலைமணிக்குப் பெருமை பிடிபடவில்லை.

தேர்வாளர் முருகானந்தம் சேலத்தில் நிறையக் கட்டடம் கட்டிய மனிதர், அதிகம் பேசாதவர். அட்டையில் செய்த மாதிரியை மேசையில் வைத்தார்கள். சுவரும் அடுக்குக் கட்டில்களும் அனிதா கூட்டம் செய்தவை, கூரையும் உத்தரமும் அறிவழகன் கூட்டம் செய்தவை. அவன் கூரையைத் தூக்கி மேலே வைத்தான். உட்காரவில்லை. கூடத்தின் நடுவில் ஒரு தூண் நின்றுகொண்டு உத்தரத்தை முட்டியது. அதை மீறி அழுத்தியதில் அட்டைத் தூண் மடங்கி, உத்தரம் மேலடுக்குக் கட்டில்களின் மீதே இறங்கியது.

விஷயம் இதுதான். சிவில்காரர்கள் பாவம் ஆசைப்படுகிறார்களே என்று அனிதா சத்தமில்லாமல் தூணை வைத்து, உத்தரம் இனி சிறுத்துவிடும் என்று சுவரின் உயரத்தையும் குறைத்திருந்தாள். அதே நேரத்தில் அனிதாவுக்காக அறிவழகன் சத்தமில்லாமல் தூணை எடுத்துவிட்டு உத்தரத்தை மூன்றடி ஆக்கியிருந்தான்.

"இதுல மேல் கட்டில்ல படுக்கற டிரைவர் எப்படிங்க எந்திரிப்பாரு?" என்றார் முருகானந்தம்.

கலைமணி முதல்வர் சொன்னதை நினைத்துக்கொண்டாள். போச்சு, பாடம் போச்சு. சரி, இப்போதாவது பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளைப் பார்த்தாள். அவர்களோ நீங்க சொல்லுங்க, நீங்க சொல்லுங்க என்று மரியாதை செய்துகொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, நீங்க சொல்லுங்க. தூண் வேணுமா, வேண்டாமா?"

"மேடம் சொன்னாச் செரிங்க."

வகுப்பே சிரித்துவிட்டது. கலைமணிக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பிள்ளைகள் இதை எங்கே கற்றார்கள் என்பது சுரீரென்று உறைத்தது. தன் பிள்ளை மாதிரி வளர்த்த பாடத்துக்குத் தானே குழி தோண்டியிருக்கிறாள்.

"நான் சொல்றது கெடக்கட்டுங்க. உங்களுக்கு என்ன தோணுதுன்னு சொல்லோணும். சொல்லாம இங்கிருந்து நகர உடமாட்டேன்."

ஜெயபிரகாஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"தூண் வேணும்," என்றார். "கட்டாயம் வேணும்."

"வேண்டாமுங்க. தூக்கக் கலக்கத்துல எந்திரிச்சுப் போறவன் நேரா போய் முட்டுவான்."

அவர் விடவில்லை. அவளும் விடவில்லை. அறிவழகன் சாரோடு சேர்ந்தான், அனிதா மேடத்தோடு சேர்ந்தாள், கொஞ்ச நேரத்தில் யார் யார் கட்சி என்றே தெரியாமல் போயிற்று. தேர்வாளருக்கு வந்த டீ ஆறிப்போனது. கடைசியில் தூணை நடுவிலிருந்து தள்ளி, சாப்பிடும் இடத்துக்கும் படுக்கும் இடத்துக்கும் நடுவே வரும் தடுப்புச் சுவருக்குள் ஒளித்தார்கள். படுக்கும் பக்கம் உத்தரம் கொஞ்சம் பெரிதாகும் என்று அறிவழகன் அடம்பிடிக்க, அப்படியானால் அங்கே கூரை ஓரடி உயர்ந்தே தீர வேண்டும் என்று அனிதா அடம்பிடித்தாள். இரண்டும் நடந்தது.

மாதிரிக்கு மதிப்பெண் குறைவுதான் என்று முருகானந்தம் கறாராகச் சொன்னார். முதல்வரிடம் போய், அடுத்த வருடமும் இந்தப் பாடத்துக்குத் தன்னையே கூப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு கிளம்பினார். கலைமணிக்கு உயிர் வந்தது.

சாயங்காலம் காரை வீட்டு வாசலில் நிறுத்திய ஜெயபிரகாஷ் இறங்கவில்லை. தாங்களே வரைந்து கட்டிய அந்த வீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கலை, அந்த மேக்கால சன்னல் உனக்குப் புடிச்சிருக்கா?"

கூடத்தில் ஆள் உயரச் சன்னல் அது. மாலை வெயில் நேராக உள்ளே வந்து உட்கார விடாது.

"இல்லீங்க. நீங்க ஆசைப்பட்டீங்கன்னு வரைஞ்சேன்."

"நானா? நீ வரைஞ்சிருக்கியேன்னுதான் நான் ஒண்ணுஞ் சொல்லலை."

கலைமணிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சன்னலுக்காக இல்லை. இத்தனை வருடம் இந்த மனிதருக்குப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறாள். அவருக்கு என்ன பிடிக்கும் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"அதை அடைச்சுப்போடலாங்க," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அடைக்கறதா? பாதியாக் குறைச்சாப் போதும்."

"பாதின்னாலும் வெயில் வருமுங்க."

"வராது. கணக்குப் போட்டுக் காட்டட்டுமா?"

பேச்சு காரை விட்டு இறங்கி, வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி வளர்ந்தது. அந்த வீட்டிலிருந்து இப்படி ஒரு சத்தத்தைக் கேட்டறியாத பக்கத்து வீட்டுக் கந்தம்மாள், கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"என்ன சாமி ஆச்சு? எதுக்கு இப்படிச் சண்டை போட்டுக்கறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க அக்கா," என்றாள் கலைமணி. "இப்பத்தான் ஊடு கட்டறோம்."