கனிவான கவனத்திற்கு

"கையைத் தூக்கு கண்ணு" என்றார் அறிவிப்பாளர். வாண்டு தூக்கினாள். "தலையைக் குனி." குனிந்தாள். வெள்ளைச் சட்டையை மகளின் தலை வழியாக இறக்கி, முதுகுப் பக்கத்துப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார்.

வேறு நாளாக இருந்தால் இந்த வேலை இத்தனை சுலபத்தில் முடியாது. சட்டை தலையை மூடியதும் உள்ளேயிருந்து "புர்ர்ர்" என்று ஒரு சத்தம் வரும். பிறகு தலை வெளியே வந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஐயய்யே, அப்பா! சொல்லிட்டு விடக் கூடாதா?" என்று பழியை அவர்மேல் போடும். ஏழு வயதுப் பெண் பேசுகிற பேச்சா இது என்று அவர் தினமும் முகம் சுளிப்பார். இன்று தலை வெளியே வந்தபோது உதடுகள் ஒட்டியபடியே இருந்தன. அவர் வேண்டுமென்றே ஒரு நிமிஷம் காத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

நேற்று மதியத்திலிருந்தே அவள் பேசவில்லை. பால் குடிக்க வாய் திறந்தாள், பல் தேய்க்கத் திறந்தாள், பேச்சுக்கு மட்டும் திறக்கவில்லை.

"அத்தைன்னா உயிராச்சே. அதான் குழந்தைக்கு வாயடைச்சுப் போச்சு" என்றாள் பக்கத்து வீட்டுத் தையல்காரி. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். அறிவிப்பாளரும் தலையாட்டி வைத்தார். ஆனால் அவருக்கு உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது.

கூடத்தின் நடுவே அவருடைய அக்கா படுத்திருந்தாள். கழுத்துவரை வெள்ளைத் துணி. மூக்குக் கண்ணாடி இல்லாத அந்த முகம் யாரோ ஒரு கண்டிப்பான அம்மாளின் முகம் மாதிரி இருந்தது. கண்டிப்புக்கும் அவளுக்கும் எவ்வளவு தூரம் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அக்கா ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தவள். ரத்தம் பார்க்கிற மேஜைக்கு அங்கே போட்டா போட்டி. காலையில் வரிசையாக வந்து சேரும் மல டப்பாக்களைத் திறக்கத்தான் ஆள் கிடைக்காது. அக்கா திறந்தாள். உடம்புக்கு முடியாமல் விழுகிறவரை அவள்தான் திறந்தாள். கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தம்பி வீட்டுப் பின்னறையில் தங்கியிருந்தாள். சாயந்திரம் வேலை முடிந்து வந்து, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு அறைக்குப் போவதற்குள் வாண்டு அங்கே நிற்பாள்.

"இன்னைக்கு எத்தனை டப்பா அத்தை?"

"கதவைச் சாத்து. அப்புறம் சொல்றேன்."

அதுதான் அந்த அறையின் சட்டம். கதவு சாத்தியிருந்தால் எதை வேண்டுமானாலும் பேசலாம். குசு, மூச்சா, அதற்கு மேலேயும். கதவு திறந்துவிட்டால் அத்தனையும் வாய்க்குள் போய்விட வேண்டும். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பது கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் அறிவிப்பாளருக்குக் கேட்கும். படித்த வரியையே மறுபடி படிப்பார்.

"நீயே அவளைக் கெடுக்கிற அக்கா" என்று ஒருநாள் சொல்லியும் பார்த்தார்.

"கெடுக்கலடா. கொட்டுறதுக்கு ஒரு இடம் குடுத்திருக்கேன். குசு ஜோக்குதான் எப்பவும் முதல்ல வரும். அதுக்குச் சிரிச்சோம்னா, பின்னாடியே வேற ஏதாவது வரும். போன வாரம் கிளாஸ்ல டிரெஸ்ஸை நனைச்சுட்டு, நாள் பூரா அப்படியே உக்காந்திருந்தாளாம். உனக்குத் தெரியுமா?"

அவருக்குத் தெரியாது.

"முன்னாடி வர்றதை விரட்டினா, பின்னாடி வர்றதும் திரும்பிப் போயிடும்டா."

அவருக்கு அது ஏறவில்லை. அவருடைய பிழைப்பு அப்படி. ரயில் நிலையத்து ஒலிபெருக்கியில் ஊரே கேட்கிற குரல் அவருடையது. அதில் ஒரு பிசிறு இருக்காது, ஒரு கொச்சை இருக்காது. வீட்டில் உப்புக் கேட்டால்கூட "தயவுசெய்து" என்று ஆரம்பித்துவிடுவார் என்று மனைவி கிண்டல் செய்வாள். வாண்டுக்கு ரொம்ப நாளாக ஒரே ஒரு ஆசை. "அந்த மைக் குரல்ல ஒரே ஒரு தடவை குசுன்னு சொல்லுங்கப்பா." அவர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக மறுப்பார். "அந்தக் குரல் விளையாட்டுக்கு இல்லடா." படுக்கையில் கிடந்த அக்காவும் போன வாரம் கேட்டாள். "நான் போறதுக்குள்ள ஒரு தடவை கேட்டுட்டுப் போறேனே." "நீ எங்கயும் போகல" என்று சொல்லி அவர் தலையணையைச் சரி செய்தார்.

நேற்று மதியம் லேப் மேனேஜர் மனைவியோடு வந்திருந்தார். அக்கா காலையிலிருந்தே தூக்கத்தில் இருந்தாள். இன்னும் இரண்டு மூன்று நாள் தாங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாண்டை அத்தை பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு அறிவிப்பாளரின் மனைவி மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். மேனேஜர் பெரிய மனிதர், சோபாவின் நுனியில்தான் உட்காருவார். அவர் அக்காவின் கடமை உணர்ச்சியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னறைக் கதவு படாரென்று திறந்தது. வாண்டு ஓடி வந்தாள். முகம் சிவந்து, பாதி சிரிப்பும் பாதி வேறு எதுவோவுமாக இருந்தது.

"அப்பா! அப்பா! அத்தை பெருசா ஒரு குசு விட்டு..."

மேனேஜரின் கப் உதட்டுக்குப் போகும் வழியில் நின்றது. அவர் மனைவி ஜன்னலைப் பார்த்தாள். அறிவிப்பாளருக்குக் காது மடல் வரை சுட்டது.

"வாயை மூடு!"

"இல்லப்பா, அத்தை..."

"மூடுன்னு சொன்னேன். இனிமே உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரக் கூடாது. போ உள்ள."

அவள் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். மேனேஜர் கடமை உணர்ச்சியை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இன்னொரு டீ ஆயிற்று, பிஸ்கட் ஆயிற்று. அக்காவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்று எல்லாருமாக எழுந்து போய்க் கதவைத் திறந்தபோது, வாண்டு கட்டில் ஓரத்தில் அத்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா போய் நேரம் ஆகியிருந்தது. அந்த விரலைத் தொட்ட உடனே அவருக்குத் தெரிந்தது.

இப்போது சமையலறையில் மனைவி கப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அழுது அழுது அவள் மூக்கு தடித்திருந்தது. பதினோரு வருஷம் ஒரே வீட்டில் நாத்தனாரோடு சண்டை இல்லாமல் இருந்தவள்.

"நேத்து அவளை என்ன சொன்னீங்க?" என்றாள் திரும்பாமலே.

"வாயை மூடுன்னேன்."

"அவ்வளவுதானா?"

அவர் தயங்கினார். "இனிமே ஒரு வார்த்தை வரக் கூடாதுன்னும் சொன்னேன்."

மனைவி கப்பை வைத்துவிட்டுத் திரும்பினாள். "அதிர்ச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க சொன்னதைத்தான் அவ கேட்டுக்கிட்டிருக்கா." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நாலு மணிக்கு வண்டி வந்துடும். அதுக்குள்ள அவளைப் பேச வைங்க. அவ அத்தையை இப்படி ஊமையா நின்னு அனுப்பக் கூடாது."

அவர் போய் வாண்டின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "அப்பா கோவத்துல சொல்லிட்டேன்டா. பேசலாம். என்ன வேணா பேசலாம்." அவள் அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள். சாக்லேட் எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டாள், பிரிக்கவில்லை. ஊருக்கெல்லாம் வழி சொல்லும் மனுஷனுக்கு, ஒரு சின்னப் பெண்ணிடம் அடுத்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. நேற்று அவள் சாத்திக்கொண்ட கதவு இனிமேல் திறக்கவே திறக்காதோ என்று நினைத்ததும் அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. அக்கா போன துக்கத்தைவிட அந்தப் பயம் பெரிதாக இருந்தது. அதற்காக வெட்கமும் பட்டார்.

வாண்டு மெல்லத் தலையைத் திருப்பிப் பின்னறையைப் பார்த்தாள்.

"அங்க போலாமா?"

எழுந்து நடந்தாள். அவர் பின்னாலேயே போனார். கட்டிலில் விரிப்பு இல்லை. ஸ்ட்ரா போட்ட டம்ளரில் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது. பக்கத்தில் கண்ணாடி மடித்து வைத்திருந்தது. வாண்டு நேற்று உட்கார்ந்திருந்த இடத்திலேயே போய் உட்கார்ந்து, அவரைப் பார்க்காமல் அவருக்குப் பின்னால் பார்த்தாள்.

கதவு. அவர் போய்ச் சாத்திவிட்டு வந்தார்.

அவள் காத்திருந்தாள். அவளுடைய பழைய ஆசை அவருக்கு ஞாபகம் வந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கூடத்துக்குக் கேட்காத குரலில் ஆரம்பித்தார். "பயணிகளின் கனிவான..."

வாண்டு தலையை ஆட்டினாள். இது இல்லை. விரலை உயர்த்தி மேலே, கூரையில் ஒலிபெருக்கி தொங்க வேண்டிய இடத்தைக் காட்டினாள்.

அறிவிப்பாளர் கதவைப் பார்த்தார். அதற்கு அந்தப் பக்கம் அக்கா இருந்தாள், உறவும் தெருவும் இருந்தது, இன்றைக்கும் முதல் ஆளாக வந்துவிட்ட லேப் மேனேஜர் இருந்தார். கதவோ அட்டை மாதிரிக் கதவு. அவர் மூச்சை நன்றாக இழுத்தார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! அத்தை அறையிலிருந்து புறப்பட்டுள்ள குசு விரைவு வண்டி, இன்னும் சற்று நேரத்தில் முதலாவது நடைமேடையை வந்தடையும். பயணிகள் தத்தம் மூக்கைப் பிடித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

பிசிறில்லாமல் வந்தது. கூடத்தில் முணுமுணுப்பு சட்டென்று நின்றது. அவர் அதைக் கேட்டார். கேட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் கடைசி வரியையும் சொன்னார்.

"தாமதத்திற்கு வருந்துகிறோம்."

எத்தனையோ ஆயிரம் முறை சொன்ன வரிதான். இந்தத் தடவை பாதியில் அந்தக் குரல் பிசிறியது.

வாண்டின் கன்னம் உப்பியது. உதடு பிரிந்து "புர்ர்" என்று சிரிப்பு வெடித்தது. அது முடிவதற்குள்ளேயே அழுகையாக மாறி, அவள் அவர் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் தரையில் உட்கார்ந்து அவளை மடியில் போட்டுக்கொண்டார்.

"நெஜமாவே விட்டாங்கப்பா" என்றாள் விக்கலுக்கு நடுவே. "ரொம்ப நீளமா. நான் சிரிச்சேன். எப்பவும் நான் சிரிச்சா அத்தையும் சிரிப்பாங்கல்ல? சிரிக்கவே இல்ல. சும்மா ஏமாத்துறாங்கன்னு நெனச்சு மூக்கைக் கிள்ளினேன். அப்பவும் எழுந்திரிக்கல."

அறிவிப்பாளரின் கை அவள் முதுகில் அப்படியே நின்றது.

"அதைச் சொல்லத்தான் ஓடி வந்தியா?"

"ஆமா. முதல்ல குசுவைச் சொல்லிட்டு, அப்புறம் அத்தை எழுந்திரிக்கலன்னு சொல்லலாம்னு வந்தேன். நீங்க குசுவுலயே நிறுத்திட்டீங்க."

அந்த நேரத்தில் மேனேஜரின் டீயில் சர்க்கரை போதுமா என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அது ஞாபகம் வந்தது.

"அத்தை செத்துப் போனப்ப நான் சிரிச்சுட்டு இருந்தேன்பா" என்றாள் வாண்டு மிகச் சின்னக் குரலில். "அது தப்பா?"

"இல்லடா செல்லம். தப்பே இல்ல." அவருக்குக் கண்ணில் நீர் நிற்காமல் வந்தது. கூடவே, அக்கா விடைபெற்றுக்கொண்ட விதத்தை நினைத்து, அடக்க முடியாமல் சிரிப்பும் வந்தது. "எப்படிப் போகணும்னு உங்கத்தைகிட்ட கேட்டிருந்தா, இப்படித்தான்னு சொல்லியிருப்பா. பக்கத்துல நீ இருக்கணும், நீ சிரிச்சுட்டு இருக்கணும். தப்பு பண்ணினது நான்தான்டா. நீ சொல்ல வந்ததை முழுசாக் கேட்டிருக்கணும்."

வாண்டு அவர் சட்டையிலேயே மூக்கைத் துடைத்தாள். வேறு நாளாக இருந்தால் அதற்கும் ஒரு அதட்டல் இருந்திருக்கும்.

"இனிமே யார்கிட்டப்பா சொல்றது?"

"எங்கிட்ட. கதவைச் சாத்திட்டு."

"ஆளுங்க இருந்தா?"

அவர் யோசித்தார். "என் கையைப் பிடிச்சு ஒரு அமுக்கு அமுக்கு. ஏதோ இருக்குன்னு நான் புரிஞ்சுக்கறேன். அப்புறமா வந்து முழுசாக் கேக்கறேன். ஆனா அவசரம்னா எதுக்கும் காத்திருக்காத. யார் இருந்தாலும் கத்திச் சொல்லு."

"குசுவா இருந்தாலுமா?"

"குசுவா இருந்தாலும்."

இரண்டு பேரும் முகம் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தார்கள். எல்லாரும் அவர்களைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்கள். மனைவி மட்டும் நேராகப் பார்த்தாள். அவள் உதட்டோரம் லேசாக இழுபட்டது.

வண்டி வந்து வாசலில் நின்றது. தூக்குவதற்கு முன் லேப் மேனேஜர் இரண்டு வார்த்தை பேச எழுந்தார். இப்பேர்ப்பட்ட ஊழியரை இனி எங்கே காண்போம் என்றார். முகம் சுளிக்காமல் அவர் செய்த வேலையை வேறு எவரும் செய்ய மாட்டார்கள் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் நிஜமாகவே உடைந்தது. பேச முடியாமல் கையைக் கூப்பிவிட்டு, பின்னால் இருந்த ரெக்சின் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அது நீளமாக, ரொம்ப நீளமாக, ஒரு சத்தம் போட்டது.

கூடத்தில் ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். தையல்காரி முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

அறிவிப்பாளர் அக்காவின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் கைக்குள் இருந்த சின்னக் கை ஒருமுறை அழுத்தமாக அமுக்கியது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு திருப்பி அமுக்கினார்.

வாண்டு இன்னொரு கையை நீட்டி, வெள்ளைத் துணிக்குக் கீழே துழாவி, அத்தையின் விரலைத் தேடிப் பிடித்து, அதையும் ஒருமுறை அமுக்கினாள்.