பன்னிரண்டு வாரம் எதற்கு?

செங்கோட்டையனுக்கு டாக்டர் மேலேயே சந்தேகம். கணுக்கால் முறிந்து, ஆபரேஷன் செய்து, தகடும் ஸ்குரூவும் வைத்து ஏழு வாரம் ஓடிவிட்டது. இதே மாதிரி கால் உடைந்த பக்கத்து வீட்டுக் கன்னையன் ஆறாம் வாரமே டீக்கடைக்கு நடந்து போனான். இவருக்கு மட்டும் பன்னிரண்டு வாரமாம்!

"உங்களுக்குச் சர்க்கரை இருக்குதுங்க. எலும்பு சேர ரெண்டு மடங்கு நாளாகும். அதுக்குள்ள ஊனுனா காலே போயிருமுங்க" என்றிருந்தார் டாக்டர்.

அப்போது பக்கத்தில் நின்று தலையாட்டியவன் மச்சினன் மகுடேஸ்வரன். அங்கேதான் இடித்தது. வீரபாண்டியில் இவருடைய பனியன் கம்பெனியை இப்போது பார்த்துக்கொள்வது அவன்தானே! இவரைப் படுக்கப் போட்டால் யாருக்கு ஆதாயம்? வேலியே பயிரை மேய்கிறதோ?

"கம்பெனி நல்லா ஓடுதுங்க மாமா, நீங்க படுங்க" என்று அவன் தினமும் சொல்லச் சொல்ல இவருக்கு வயிறு எரிந்தது.

ஒரு காலை, மனைவி அவிநாசிக் கோயிலுக்குப் போன நேரம், ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட கால் பூட்ஸைக் கழற்றிவிட்டு மெல்ல ஊன்றினார். வலிக்கவில்லை. அழுத்தி ஊன்றினார். எள்ளளவும் வலி இல்லை. அட திருட்டுப் பயல்களா, ஆறிப்போன காலுக்கா இந்தக் காவல்! வெறுங்காலோடு ஆட்டோ ஏறினார்.

கம்பெனியில் மகுடேஸ்வரன் பதறி ஓடிவந்தான். "ஐயோ மாமா, கால ஊனாதீங்க!"

"ஏன் மாப்ளே, நான் நடந்தா உனக்குச் சங்கடமா?"

வீம்புக்கென்றே கட்டிங் டேபிளைச் சுற்றி இரண்டு நடை நடந்தார். தரையில் விரித்திருந்த வெள்ளைத் துணியில் சிவப்பாக ஏதோ கண்ணில் பட்டது. பிடித்துவிட்டேன் பார் என்று துள்ளினார்.

"எக்ஸ்போர்ட் துணியில கறையா? இதுதான் நல்லா ஓடுற லட்சணமா? யாரு பண்ணுனது?"

செக்கிங்கில் நின்ற தென்காசிக்காரி ரோஸ்மேரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீதானா?"

"நான் இல்ல முதலாளி. ஒங்க கால்லேருந்துல்லா வடியுது."

குனிந்தார். கணுக்காலில் தையல் போட்ட இடம் பிளந்து தகட்டின் விளிம்பு தெரிந்தது. விரலால் அமுக்கினார். அப்போதும் வலிக்கவில்லை.

"சர்க்கரைல கால் மரத்துப் போச்சுங்க மாமா. வலிக்காது, வலியை நம்பாதீங்கன்னு டாக்டர் சொன்னாருங்களே. நீங்கதான் காதுலயே வாங்கல" என்றான் மகுடேஸ்வரன்.

செங்கோட்டையன் மச்சினன் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"கால எடுத்துருவாங்களா மாப்ளே?"

மகுடேஸ்வரன் அவரை அப்படியே தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினான்.