சுவர் குடித்த தண்ணீர்

வோல்ட்டா ஆறு கடலைச் சேரும் ஊரில், ஒரு செவ்வாய்க்கிழமை, அரசு அலுவலகத்தின் சுவர் ஒரு குவளைத் தண்ணீர் குடித்தது.

கொடுத்தவள் யாய்ரா என்ற விதவை. அவள் தெருக் குழந்தைகள் ஆற்றுநீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டார் இலவசமாக நட்ட குழாய் ஒரே வருடத்தில் துருப்பிடித்தது, பழுதுபார்க்க யாருமில்லை. ஆகவே மணலில் வடிகட்டிய நீரைக் குறைந்த விலைக்கு விற்று, அந்தக் காசிலேயே மணலை மாற்ற நினைத்தாள். அனுமதி கேட்டு மூன்று மழைக்காலம் அந்த அலுவலகத்துக்கு நடந்தாள்.

வியாபார அனுமதி தரும் ஜன்னலில் குமாஸ்தா கோம்லா, "ஏழைங்களுக்குன்னு சொல்ற, அப்ப இது தர்மம். அந்தப் பக்கம் போம்மா" என்பார். தர்ம ஜன்னலில் டெலா, "தர்மத்துக்கு விலை போட்ட மொத ஆளு நீதான்க்கா. அந்தப் பக்கம் போ" என்பாள்.

ஊரிலும் சிக்கல்தான். வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுத்து, குடித்தபின்பே வந்த காரியத்தைக் கேட்பது அங்கே வழக்கம். வடிகட்டியைச் சோதித்துப் பார்த்த அன்று, வாளியோடு வந்த எல்லோருக்கும் யாய்ரா தன்னையறியாமல் குவளையை நீட்டிவிட்டாள். குடித்தவர்கள் விருந்தாளிகளானார்கள். விருந்தாளியிடம் காசு கேட்க அவளுக்கு நா எழவில்லை. "தண்ணிய விக்கிறவ நாளைக்கு மூச்சுக்கும் விலை சொல்லுவா" என்றபடியே மீன்காரி அஃபி இரண்டு வாளி நிரப்பிக்கொண்டு போனாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வெயில் கொளுத்தியது. இரண்டு ஜன்னல்களுக்கும் நடுவே சாய்ந்திருந்த யாய்ராவுக்கு, இத்தனை காலம் தனக்கு நிழல் தந்த சுவருக்கு யாரும் ஒரு வாய் தண்ணீர் கொடுத்ததில்லையே என்று தோன்றியது. கர்த்தரை நினைத்துக்கொண்டு குவளையைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தாள். சுவர் சொட்டு சிந்தாமல் குடித்தது. முறைப்படி, "வந்த காரியம் என்னங்க?" என்று கேட்டாள். சிமெண்டு உதிர்ந்து அங்கே ஒரு ஜன்னல் திறந்தது.

உள்ளே கோம்லாவும் டெலாவும் அடுத்தடுத்த நாற்காலிகளில் இருந்தார்கள். யாய்ரா இப்போது இருவருக்கும் நேர் நடுவில் நின்றாள். அனுப்ப 'அந்தப் பக்கம்' எதுவும் மிச்சமில்லை.

"சரி, என்ன விலைன்னு எழுத?" என்றார் கோம்லா.

யாய்ரா கையிலிருந்த காலிக் குவளையைப் பார்த்தாள். "குவளைக்கு விலையில்லீங்க. வாளிக்கு மட்டும்."

இருவரும் ஒரே தாளில் முத்திரை குத்தினார்கள்.

அஃபி இப்போதும் முதல் குவளையை விருந்தாளியாகக் குடித்து, வந்த காரியம் கேட்டதும், "ரெண்டு வாளிக்கு வந்தேன்டி" என்று முணுமுணுத்தபடி காசை வைக்கிறாள். குழந்தைச் சவப்பெட்டி செய்துகொண்டிருந்த தச்சர் அந்தத் தெருவுக்குப் பள்ளிக்கூட பெஞ்சு செய்கிறார். அலுவலகத்தில் மூன்றாவது ஜன்னலில்தான் கூட்டம் அதிகம். டெலா காலையில் சுவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மின்விசிறியைப் போட்டு, வேலையைத் தொடங்குகிறாள்.