வேலிக்குள் மகாராணி

"விட்டுடாதீங்க மேடம்! வாலை விட்டீங்கன்னா நேரா நடுவுல போயிடுவா!"

கத்தியவர் பால்காரர். சட்டையில் ஒரு பொட்டுச் சேறு படாமல் கரைமேல் ஜம்மென்று நின்றுகொண்டிருந்தார். வாலைப் பிடித்தபடி முழங்கால் சேற்றில் இழுபட்டுக்கொண்டிருந்தவள் பூ மேடம். வாலுக்குச் சொந்தக்காரி மகாராணி. பெயருக்கேற்ற நடையும் பெயருக்கேற்ற எடையும் உள்ள பசு.

"வேடிக்கை பாக்கறீங்களே, நீங்க வந்து பிடிக்கக்கூடாதா?"

"எனக்குச் சேறுன்னா அலர்ஜி மேடம்."

மணி ஒன்பதே முக்கால். பத்தரைக்குக் கணக்கெடுக்க அதிகாரி வந்துவிடுவார்.

பஸ் டிப்போவின் பின்சுவருக்கும் ரயில் பாதைக்கும் நடுவே இருக்கும் சதுப்பு நிலம் அது. விரல் நகம் அளவு நீலப் பூ ஒன்று, தெரிந்தவரை உலகத்திலேயே அங்கே மட்டும்தான் பூக்கிறது. பத்து மணிக்கு மேல் மலர்ந்து, ஒரு மணிக்கெல்லாம் மூடிக்கொள்ளும். 'சோம்பேறிப் பூ' என்று பெயர் வைத்தவன் அவள் கணவன். அதைக் காப்பாற்றுவதுதான் அவள் உத்தியோகம்.

காப்பாற்றினாள். முதல் வருடம் நாற்பத்தொரு செடி. ஆடு மாடு நுழையாமல் சுற்றிலும் கம்பி வலை போட்டாள். அடுத்த வருடம் இருபத்தாறு. வேலியை இன்னும் உயர்த்தினாள். போன வருடம் பன்னிரண்டு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கப் பார்க்க, பூ கைவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. இந்த வருடமும் இருபத்தைந்துக்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு ரத்து. சதுப்பைத் தூர்த்து, டிப்போ பஸ் நிறுத்திக்கொள்ளும்.

எண்ணுவதற்கென்று கயிறு கட்டிப் பிரித்து வைத்திருக்கும் பத்துக் கட்டங்களிலும் நேற்று அவள் எண்ணினாள். ஒன்பது.

இன்றைக்கு அந்த ஒன்பதையும் மிதிக்க ஒரு மாடு!

மகாராணி ஒரு உலுக்கு உலுக்கினாள். பூ மேடம் தொப்பென்று சேற்றில் உட்கார்ந்தாள். பால்காரர் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். மாடு சமர்த்தாகத் திரும்பி நடந்தது.

"யோவ்! இதை முதல்லயே பண்ணியிருக்கக்கூடாதா?"

"நீங்க கேக்கலையே மேடம்."

மாடு வாசல் பக்கம் போகவில்லை. பழகிய வீட்டில் நடப்பதுபோல் டிப்போ பக்கம் ஆளுயரத்துக்கு மண்டிக் கிடந்த கோரைக்குள் புகுந்தது. பூ மேடம் எழுந்து பின்னாலேயே ஓடினாள். அந்த மூலையில் அவள் கட்டம் எதுவும் கிடையாது. அங்கே கால் வைத்தே மூன்று வருடம் ஆகிறது.

கோரைக்கு அந்தப் பக்கம் வேலியில் ஒரு கதவு! கம்பி வலையை மூன்று பக்கம் நறுக்கென்று வெட்டி, வெட்டிய ஓரமெல்லாம் துணிப்பட்டி வைத்துத் தைத்து, ஜாக்கெட்டுக்கு வைப்பதுபோல் நாலு கொக்கியும் மாட்டியிருந்தது. கொக்கிகள் இன்று திறந்து கிடந்தன. துணியின் நிறம் தெரியாதபடி சேறு அப்பியிருந்தது.

"டிப்போ மேனேஜர்!" பல்லைக் கடித்தாள். "காலங்கார்த்தால கையில எதையோ தூக்கிக்கிட்டு இந்தச் சுவர் பக்கமே சுத்தும்போதே நினைச்சேன். என் பூவை ஒழிக்க மாட்டை விட்டிருக்கான்! சொல்லுங்க, அவன்தானே?"

பால்காரர் வானத்தைப் பார்த்தார். "யார்னு சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன் மேடம்."

சேதம் எவ்வளவு என்று பார்க்கக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

கோரை மிதிபட்டு மடிந்த பாதை நெடுக பழைய குளம்புத் தடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கை தண்ணீர், தண்ணீர் ஓரத்தில் அப்போதுதான் கண் விழித்துக்கொண்டிருந்த நீலம். ஒன்று, இரண்டு, நாலு, ஒன்பது... விரல் போதவில்லை.

பின்னால் யாரோ செருமினார்கள். பேண்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு அதிகாரி நின்றிருந்தார். "நான் கொஞ்சம் சீக்கிரம் வந்துட்டேன். எண்ணலாமா?"

எண்ணினார்கள். அவர் எண்பத்துமூன்று என்றார், அவள் எண்பத்துநாலு என்றாள். ஒன்றின்மேல் அவர் நின்றுகொண்டிருந்தார்.

கரையில் உட்கார்ந்ததும் அவள் மூச்சு விடாமல் சொன்னாள்: "விதை சேத்துக்குள்ள வருஷக்கணக்கா தூங்கும் சார். மேல வெளிச்சம் பட்டாத்தான் முளைக்கும். முன்னெல்லாம் மாடு மிதிச்சு வெளிச்சம் விட்டுச்சு. நான் வேலி போட்டேன், கோரை மூடிடுச்சு. காப்பாத்தறேன்னு நானே அதோட கழுத்தை நெரிச்சிருக்கேன்!"

"எல்லாம் சரிம்மா." அதிகாரி பேனாவை மூடினார். "இந்த வருஷம் மாடு தப்பி வந்துச்சு, பூத்துச்சு. அடுத்த வருஷம்? எப்பலேர்ந்து வந்துச்சு, வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு நேரம்னு கணக்கு இருந்தாத்தான் இதை ஒரு முறைன்னு எழுத முடியும். இல்லைன்னா 'தற்செயல்'னு எழுதணும். தற்செயலுக்குப் பாதுகாப்பு குடுக்க மாட்டாங்க."

அவள் பால்காரரைப் பார்த்தாள்.

"எனக்கு நாள் கிழமையெல்லாம் நிக்காதுங்க," என்றார் அவர் அவசரமாக. "வேலியை வெட்டினவங்களுக்குத்தான் தெரியும். வாக்கு, வாக்குதான்."

என்ன செய்வதென்று தெரியாத நேரத்தில் யாரும் செய்வதைச் செய்தாள். சாப்பாட்டுப் பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து அதிகாரிக்கு டீ ஊற்றினாள். பை, கருநீலத்தில் மஞ்சள் பொட்டு. தையல்காரியான அவள் மாமியார் தள்ளுபடியில் ஒரு பேல் துணி வாங்கிய நாளிலிருந்து வீட்டில் ஜன்னல் திரை, தலையணை உறை, ஸ்கூட்டர் சீட், கணவனின் அரை டிராயர் எல்லாமே கருநீலத்தில் மஞ்சள் பொட்டுதான்.

"அடேயப்பா, டீ பிரமாதம்!" அதிகாரி உறிஞ்சினார். "இவ்வளவு கெட்டிப் பால் எங்கம்மா கிடைக்குது?"

"ரெண்டு மாசமா இப்படித்தான் சார். எங்க அத்தை யாரையோ பிடிச்சு..."

பால்காரர் மறுபடி வானத்தைப் பார்த்தார்.

பூ மேடம் எழுந்தாள். தண்ணீர் பாட்டிலோடு வேலியிடம் போய், சேறு அப்பிய துணிப்பட்டிமேல் ஊற்றித் தேய்த்தாள். கருநீலம் வந்தது. பிறகு ஒரு மஞ்சள் பொட்டு. பக்கத்திலேயே இன்னொன்று.

போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். பின்னணியில் தையல் மெஷின் கடகடத்தது.

"அத்தை..."

"என்னம்மா? மகாராணி மாட்டிக்கிட்டாளா?"

அதிகாரி டீ புரையேறி இருமினார்.

"நீங்களா அத்தை வேலியை வெட்டினது?"

"பின்ன வேற யாரு? பச்சைப் புல்லு காட்டுங்க, தண்ணி கலக்காத பால் தரேன்னாரு அந்த மனுஷன். பச்சைப் புல்லு உன் வேலிக்குள்ளதானே இருக்கு? மாட்டு மடி கிழிஞ்சிடக்கூடாதேன்னு ஓரம் வேற அடிச்சுக் குடுத்தேன். கொக்கியை ஒழுங்கா மாட்டத் தெரியல அவருக்கு!"

அதிகாரி போனருகில் குனிந்தார். "அம்மா, எப்பலேர்ந்து, எத்தனை நாள்னு ஞாபகம் இருக்குங்களா?"

"நீங்க யாரு தம்பி? ஞாபகம் எதுக்கு, அளவு நோட்டுல எழுதியிருக்கேன். எந்தப் பக்கம் மேஞ்சா பால் கெட்டியாகுதுன்னு பாக்க வேண்டாமா? ஒன்பது வாரம். வாரத்துக்கு மூணு நாள். விடிஞ்சதும் முக்கால் மணி நேரம். முதல் வாரம் சுவரோரம், அடுத்தது குழிப் பக்கம்... எல்லாம் தேதி போட்டு இருக்கு."

மூடியைக் கழற்றியது தனக்கே தெரியாமல் அதிகாரி எழுதினார். 'மாட்டைக் கொண்டு மிதிக்கச் செய்யும் முறை. ஒன்பது வாரப் பதிவேடு உள்ளது. பாதுகாப்பு தொடரலாம்.' கீழே கையெழுத்து.

பூ மேடத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. "அத்தை, நான் அநியாயமா அந்த டிப்போ மேனேஜரைப் போய்..."

"ஐயோ, அவரை ஒண்ணும் சொல்லிடாதேம்மா," என்றது ஸ்பீக்கர். "தினம் தூக்குச் சட்டியோட சுவர்கிட்ட வந்து நிப்பாரே, பாத்ததில்லையா? இந்தப் பால்ல அரை லிட்டர் அவருக்கும் போகுது."