மணிச்சட்டம் வெட்டிய உளி

மே மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை காலை, எங்கள் சிற்றாலயத்தின் பின்வளவில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான் பேதுரு, பெரிய தச்சர் வஸ்தியான் பாஸின் மூத்த மகன். காலஞ்சென்ற என் தம்பியின் மனைவி பேர்ணடெற். அவர்களுடைய மகள் டெனிஷா. வயது முப்பத்துநான்கு, மட்டக்குளியில் ஒரு தளபாடப் பட்டறையில் தச்சுவேலை செய்பவள். ஆலயக் குழுவின் செயலாளர் றோஸி. வெள்ளவத்தையில் வேலைக்கருவிகளை வாடகைக்குக் கொடுக்கும் மக்கீன். ஆறாவது ஆள் அங்கே இருக்கவில்லை. இருந்ததாகச் சொல்பவர்கள் இப்போது கொட்டாஞ்சேனையில் நிறையப் பேர்.

அந்த வளவில் எங்கள் மணி தொங்கிய மரச்சட்டம் இறக்கிக் கிடத்தப்பட்டிருந்தது. 1961ஆம் ஆண்டு என் தகப்பனார் செய்தது. நான்கு கால்கள், எட்டுக் குறுக்குச் சட்டங்கள், எல்லாம் முதிரை மரம். ஓர் இரும்பாணிகூட இல்லை. குறுக்குச் சட்டத்தின் நுனியை நாக்குப்போலச் செதுக்கிக் காலில் வெட்டிய துளைக்குள் இறக்கி, குறுக்கே மரமுளை அடித்திருந்தார். அந்த நாக்கைத் தச்சர்கள் கழுந்து என்பார்கள். அறுபத்தைந்து வருட மழைக்கு அசையாத கால்களை, தரையோடு சேர்ந்த இடத்தில் கறையான் தின்றுவிட்டது.

குழுவில் பாதிப்பேர் இரும்பைக் காய்ச்சி ஒட்டிப் புதுச்சட்டம் செய்துவிடலாம் என்றார்கள். நான் எழுந்து நின்று பேசினேன். என் குடும்பத்தின் கை இந்தக் கொட்டாஞ்சேனையில் மிஞ்சியிருப்பது அந்தச் சட்டத்தில் மட்டுந்தான் என்று சொன்னேன். கடைசியில், டெனிஷா ஒரு மூலையை வெட்டிப் பொருத்திக் காட்டவேண்டும், மூட்டு இறுகினால் மரம், இறுகாவிட்டால் திங்கட்கிழமை இரும்பு ஒட்டுகிறவர் வருவார் என்று முடிவாயிற்று. பார்த்துச் சொல்வதற்குத்தான் றோஸி வந்திருந்தார்.

டெனிஷாவுக்கும் எனக்கும் பிணக்கு கருவியில் தொடங்கியது. அவளிடம் இருந்தவை புறக்கோட்டையில் வாங்கிய மஞ்சள் கைப்பிடி உளிகள். மலிவானவை, முதிரையில் நான்கு அடிக்கு மழுங்கிவிடும். அதனால் மக்கீனிடம் ஜேர்மன் இயந்திரம் ஒன்றை வாடகைக்குக் கேட்டிருந்தாள். பல்லு வைத்த சங்கிலி ஒன்று சுழன்று மரத்துக்குள் இறங்கி நீள்சதுரத் துளை போடும்.

"வாங்கிறதெண்டா ஒரு த்ரீவீல் வாங்கிற காசு," என்றார் மக்கீன், அதன் மேலிருந்த துணியை விலக்கியபடி. "அதுதான் எல்லாரும் எங்கட்ட வாடகைக்கு எடுக்கிறாங்க. கெட்டியான சாமான் ஐயா, ரெண்டு நிமிசம், ஒரு துளை."

"இங்கே அது வேண்டாம்," என்றேன். என் கையில் அப்பாவின் பெட்டி இருந்தது.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். தேக்குப் பெட்டி, உள்ளே பச்சை வெல்வெட்டில் ஆறு இங்கிலாந்து உளிகள். ஒவ்வொரு வருடமும் பெரிய வியாழனன்று நானே எண்ணெய் பூசித் துடைத்து வைப்பேன். வேறு ஒருவரையும் தொடவிட்டதில்லை. 1983இல் அப்பாவின் மரணவீட்டுக்கு வந்தவர்களுக்கு, மணிச்சட்டத்தை வெட்டிய உளிகள் இவை என்று திறந்து காட்டினேன். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் காட்டினேன்.

"அதால வெட்டு," என்றேன். "மெசின் பட்டால் அது எங்கட வேலை இல்லை."

"பெரியப்பா, அப்பப்பா இருந்திருந்தா முதல் ஆளா இந்த மெசினுக்குப் பக்கத்தில நிண்டிருப்பார்."

"உன்ர அப்பப்பாவை நீ கண்டனியே?"

"காணேல்லை. அவற்ற வேலையைக் காணுறன்தானே." அவள் சட்டத்தின் பழைய கால் ஒன்றை உதைத்துத் திருப்பினாள். "முதல்ல அளவு எடுக்கவேணும். இதைப் பிளக்கப்போறன். பாக்கேலாதெண்டா அங்கால திரும்புங்கோ."

நான் திரும்பவில்லை. மரமறுக்கும் வாள் துளையின் பக்கவாட்டில் இறங்கியது. மரமுளையைத் தட்டி வெளியே எடுத்தாள். கழுந்து மெல்ல உருவி வந்தது. வெளியே கறுத்துக் கிடந்த மரம் உள்ளே தேன்நிறமாக இருந்தது.

வாசனை வந்தது. அப்பா அந்தச் சட்டத்தைச் செய்தபோது எனக்கு ஒன்பது வயது. இதே வளவில், ஈரப்பலா மரத்தின் கீழ் அப்பா வேலை செய்துகொண்டிருந்தார். துறைமுகத் தச்சுப்பட்டறையில் வேலை முடித்து வந்த கையோடு தொடங்குவார். அம்மா எனாமல் கூசாவில் பால்விடாத பிளேன்ரீ தந்துவிடுவார். நான் உள்ளங்கையில் சீனியோடு கொண்டுவருவேன். அவர் என் கையிலிருந்தே சீனியை நக்கி ஒரு மிடறு குடிப்பார். அவருடைய மீசையில் மரத்தூள் இருக்கும். கப்பல் ஊதினால் நிமிர்ந்து துறைமுகம் இருக்கும் கொச்சிக்கடைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி குனிவார். அந்தச் சீனி, அந்த மீசை, கால்களில் ஒட்டிய சீவல்கள் எல்லாம் நினைவிருக்கின்றன. கையில் இருந்த உளி மட்டும் நினைவில் இல்லை.

டெனிஷா துளையின் சுவரில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"பெட்டியைத் தாங்கோ."

தந்தேன். ஆறு உளிகளையும் ஒவ்வொன்றாக அந்த வெட்டில் வைத்துப் பார்த்தாள்.

"பெரியப்பா, இதில பெருசு ஒண்டேகால் இஞ்சி. இந்த வெட்டு ஒண்டரை இஞ்சி, ஒரே வீச்சு. பாருங்கோ, ஒவ்வொரு வெட்டிலயும் இடப்பக்கம் ஒரு மெல்லிய வரம்பு நிக்குது. வெட்டின உளியின்ர வாயில ஒரு சிதறல், உடைஞ்ச பல்லுப்போல இருந்திருக்கு." பிறகு ஓர் உளியைத் திருப்பி அதன் கைப்பிடி உச்சியைக் காட்டினாள். "இதில ஒருநாளும் ஒரு அடிகூட விழேல்லை."

உச்சி வழவழவென்று இருந்தது. நாற்பது வருடம் நான் எண்ணெய் பூசிய உச்சி.

றோஸி பெட்டியின் மூடியை எட்டிப் பார்த்தார். உட்பக்கம் ஒரு சிறிய பித்தளைத் தகடு. சத்தமாக வாசித்தார்: துறைமுக நண்பர்களின் அன்பளிப்பு, 1974. அது அப்பா ஓய்வுபெற்ற வருடம். அந்தத் தகட்டையும் நான் வருடந்தோறும் துடைத்திருக்கிறேன்.

"அங்கிள், நீங்கள் சொல்லித்தானே ஜூபிலி மலரில போட்டனாங்கள். படத்தோட!"

பேர்ணடெற் அந்தத் துளைக்குக் கிட்டக் குனிந்து வரம்பைத் தடவினாள்.

"அத்தான், ஒண்டரை இஞ்சி, இடப்பக்கம் சிதறல்... அது எங்கட தேங்காய் உடைக்கிற இரும்பெல்லோ?"

எங்கள் வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி. போய் எடுத்துக்கொண்டு வந்தாள். லொறியின் வில்தகட்டில் ஒரு துண்டு. அடிப்பக்கம் துருவேறி, தலை சுத்தியலடியில் காளான்போல மலர்ந்திருந்தது. அவள் கலியாணமாகி வந்தபோது அடுப்படிக் குசினியில் கிடந்ததாம். டெனிஷா அதன் வாயை அந்தச் சுவரில் வைத்தாள். வரம்பு சிதறலுக்குள் போய் உட்கார்ந்தது.

துறைமுகப் பட்டறையின் சாணையில் அப்பா பழைய தகடுகளைத் தீட்டி உளியாக்குவார் என்று அம்மா சொன்னது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

"நல்ல உருக்கு," என்றார் மக்கீன், நகத்தால் தட்டிப் பார்த்து. "இது மாதிரி இப்ப கடையில இல்ல. ஐயா, இத வாடகைக்குத் தருவீங்களா?"

பேர்ணடெற் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"அப்ப நான் குழுவுக்கு என்ன சொல்ல?" என்று றோஸி கேட்டார். "அந்த உளிக் கதைக்காகத்தான் சிலபேர் மரத்துக்கு ஓம் எண்டவை."

"மூட்டு இறுகினால் மரம். அதுதான் பேச்சு. வெட்டின இரும்பு எந்த ஊர் எண்டு பேச்சில் இல்லை," என்றேன். பிறகு மக்கீனைப் பார்த்தேன். "மெசினை இறக்குங்கோ."

புதிய மரம் கிடைக்கும்வரை பரீட்சைக்கு, சட்டத்தின் கறையான் தொடாத மேல்துண்டு ஒன்றை எடுத்திருந்தார்கள். சங்கிலி அலறிக்கொண்டு இறங்கியது. மக்கீன் சொன்ன இரண்டு நிமிடம் பத்தாகியது. முதிரை அவ்வளவு இறுக்கம். துளையின் அடி வளைந்தும் ஓரங்கள் கரடாகவும் இருந்தன. அவற்றை நேராக்க டெனிஷா லொறித் தகட்டைக் கல்லில் தீட்டத் தொடங்கினாள்.

"சிதறலையும் எடுத்துவிடட்டே? விட்டாலும் உள்ளுக்குத்தானே வரம்பு விழும், ஆரும் பாக்கப்போறதில்லை."

"விடு," என்றேன். "அறுபது வருசத்தால ஆராவது திறந்து பாப்பினம்."

அவள் தலையாட்டினாள். மரச்சுத்தியல் விழத் தொடங்கியது. அந்த ஒலியை நான் அறிவேன். பேர்ணடெற் பிளேன்ரீ கொண்டுவந்தாள், என்னுடையது ஆறிப்போயிற்று.

பதினொரு மணிபோல டெனிஷா கழுந்தை வைத்தாள். கையால் பாதி போயிற்று. மிச்சம் ஏழு அடி. முளை அடித்தாள். றோஸி தன் கைப்பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்து மூட்டைச் சுற்றிச் செருகிப் பார்த்தார். நான்கு பக்கத்திலும் போகவில்லை. நானும் மக்கீனும் பேர்ணடெற்றும் குறுக்குச் சட்டத்தில் ஏறி நின்றோம். எனக்கு வயது எழுபத்துநான்கு. மூட்டிலிருந்து சத்தம் வரவில்லை.

"மரம்," என்றார் றோஸி.

யூன் திருநாளுக்கு மணி புதிய சட்டத்தில் ஏறியது. அதன் துளைகளுக்குள் டெனிஷாவின் வரம்புகள் இருக்கின்றன.

இப்போது ஒரு கதை உலாவுகிறது. வஸ்தியான் பாஸின் இங்கிலாந்து உளிகளே இரண்டாம் முறையும் மணிச்சட்டத்தை வெட்டின என்றும், மக்கீனின் இயந்திரம் பழுதாகித் திரும்பிப் போயிற்று என்றும் சொல்கிறார்கள். இயந்திரம் பழுதாகவில்லை, எல்லாத் துளைகளையும் அதுதான் போட்டது. ஓரங்களை எங்கள் குசினி இரும்பு வெட்டியது. இங்கிலாந்து உளிகள் 1961இலும் எதையும் வெட்டவில்லை, இந்த வருடமும் வெட்டவில்லை. வெட்டியதாக முதலில் சொன்னவன் நான்.